விட்டது ஏழு, அவர் கேட்டது மூன்று

ஒரு பெண் எனக்கு எழுதிய கடிதத்தில் இருந்த கேள்வி இதுதான். பெயரையும் கம்பெனி விவரத்தையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 25 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் வேலை, பிஜியில் தங்கியிருக்கிறேன். கல்லூரி சீனியர் ஒருவரை நாலு வருஷமாகக் காதலிக்கிறேன். வேறு சாதி. இரண்டு வீட்டிலும் எட்டு மாதம் சண்டை போட்டு இப்போதுதான் சம்மதம் வாங்கினோம். தையில் கல்யாணம். போன வாரம் ஆபீஸ் ட்ரீட்டுக்கு ஹோட்டலுக்குப் போனோம். எல்லோரும் ஆர்டர் சொல்லியாகிவிட்டது. நான் மட்டும் மெனு கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மேசைக்கு அடியில் போனை வைத்து அவருக்கு மெசேஜ் போட்டேன், 'என்ன சாப்பிடட்டும்?' என்று. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. எனக்கு என்ன பிடிக்கும்னே எனக்குத் தெரியலை. நான் என்னைத் தொலைத்துவிட்டேனா? இல்லை, எல்லோரும் செய்கிற அட்ஜஸ்ட்மென்ட்தானா இது? பிரேக்-அப் பண்ணிவிடலாமா?"

மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் 19 வருஷமாக இருக்கிறேன். மெனு கார்டை வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி எனக்கு இதுதான் முதல். ஆனால் கேள்வி பழையது.

முதலில் உங்கள் பட்டியல். காதலுக்காக விட்டவை என்று ஏழு எழுதியிருக்கிறீர்கள். மீனும் கறியும். ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் போய்க்கொண்டிருந்த பறைப் பயிற்சி. கழுத்தளவு வெட்டியிருந்த முடி. கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர். ராத்திரி அம்மாவோடு பேசும் பேச்சு. எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாமல் சுற்றுகிற சுதந்திரம் (லொக்கேஷன் எந்நேரமும் ஆனில் இருக்கிறது). கடைசியாக, கல்யாணம் முடிந்ததும் விடப்போகிற வேலை.

கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டேன். அவர் வாய் திறந்து கேட்டது எத்தனை? மூன்றுதான் தேறியது. "எப்படியும் கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல விடணும், இப்பவே பழகிக்கோயேன்" என்று மீனைக் கேட்டார். நீங்கள் ராத்திரி பதினொன்றரைக்கு வந்த ஒரு நாள் லொக்கேஷன் கேட்டார். கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்லி வேலையைக் கேட்டார். இரண்டை அவர் கேட்கவில்லை, அவர் முகம் கேட்டது. பறை அடிக்கிற வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்தீர்கள், அவருடைய அம்மா பார்த்தார், அவர் இரண்டு நாள் ம், ஓகே என்று மட்டும் பதில் போட்டார், நீங்கள் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு பிஜியிலேயே படுத்துக்கொண்டீர்கள். முடியைப் பற்றி அவர் சொன்னது "அம்மாவுக்கு நீள முடின்னா பிடிக்கும்", அவ்வளவுதான். மீதி இரண்டை, நண்பர்களையும் அம்மாவோடு பேசுவதையும், யாருமே கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நீங்களே முன்கூட்டிக் கொடுத்தது.

இந்த மூன்று ரகத்துக்கும் மருந்து ஒன்றில்லை. வாயால் கேட்டதை வாயால் மறுக்கலாம், பேரம் பேசலாம், சண்டை போடலாம். அதில் ஒரு நேர்மை உண்டு. கேட்காமலே கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. இன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போடலாம். கஷ்டம் நடுவில் இருக்கிற ரகம்.

நம் வீடுகளில் மௌனம் ஒரு மொழி. சமையல்கட்டில் பாத்திரம் சற்று ஓங்கி வைக்கப்பட்டால் யாருக்கு யார் மேல் கோபம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கிற அர்த்தங்களை அகராதியாகப் போடலாம். இந்த மொழியில் வளர்ந்த பெண்கள் அதைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். நீங்களும்தான். "ம், ஓகே"யைப் படித்து, மொழிபெயர்த்து, தீர்ப்பும் எழுதி, நிறைவேற்றியும் விட்டீர்கள். அவர் அந்த இரண்டு நாளும் அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தாரா, ஆபீஸில் அப்ரைசல் தகராறா, நிஜமாகவே பறை பிடிக்கவில்லையா என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டீர்களா என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

அதற்காகக் குற்றம் முழுக்க உங்கள் தலையில் என்று சொல்ல வரவில்லை. பேசாமல் இருந்தே காரியம் சாதிக்கிறவர்களும் உண்டு. எதையும் கேட்டதாக ஆகாது, எல்லாம் கிடைத்துவிடும், நாளைக்கு "நான் எப்பச் சொன்னேன்?" என்று கையை விரிக்கலாம். உங்களவர் அந்த ஆளா என்பதை இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ரீல்ஸ் பார்த்துவிட்டு "டாக்ஸிக்", "ரெட் ஃப்ளாக்" என்று முப்பது நொடியில் முத்திரை குத்துகிறார்களே, அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது.

டானா ஜாக் என்ற அமெரிக்க உளவியலாளர் மனச்சோர்வில் இருந்த பெண்களிடம் நீளமாகப் பேசிப் பார்த்து 1991-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் எல்லோரிடமும் ஒரே பழக்கம். உறவு கெட்டுவிடக் கூடாது என்று தங்கள் நினைப்பையும் கோபத்தையும் வாய்க்குள்ளேயே போட்டு அழுத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே சரி சரி என்று தலையாட்டும் ஒருத்தி, உள்ளே பொருமுகிற இன்னொருத்தி. இதை அளக்க அடுத்த வருஷமே 31 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். பிறகு அதையே ஆண்களிடம் கொடுத்துப் பார்த்தபோதுதான் வேடிக்கை. பல ஆய்வுகளில் ஆண்களும் குறைவில்லாமல் மதிப்பெண் வாங்கினார்கள். தன் வாயைத் தானே கட்டிக்கொள்வது பெண்களின் ஏகபோகம் இல்லை. இதை நினைவில் வையுங்கள், உங்களவர் விஷயத்தில் தேவைப்படும்.

இப்போது "தொலைத்துவிட்டேனா" என்பதற்கு வருகிறேன். தொலைக்க வேண்டுமென்றால் முதலில் கையில் இருந்திருக்க வேண்டும். உங்கள் கதையை நீங்களே எழுதியிருக்கிற வரிசையில் பாருங்கள். அப்பா சொன்ன குரூப். மாமா சொன்ன காலேஜ். ஆறு மணிக்குக் கதவு பூட்டும் ஹாஸ்டல். கேம்பஸில் வந்த முதல் கம்பெனி. 21 வயது வரை உங்களிடம் யாரும் என்ன பிடிக்கும் என்று கேட்கவே இல்லை. பிறகு அவர் வந்தார்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950-ல் எழுதிய புத்தகத்தில் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். பதின்வயதில் "நான் யார்" என்ற கேள்வி, அதற்கு அடுத்த கட்டமாக இளமையில் இன்னொருவரோடு நெருக்கம். முதலாவது ஓரளவுக்காவது உறைந்திருந்தால்தான் இரண்டாவதில் கரைந்துபோகாமல் கலக்க முடியும் என்பது அவர் கணக்கு. (மனிதர் தன் சொந்த அப்பா யார் என்றே தெரியாமல் மாற்றாந்தந்தையின் பெயரோடு வளர்ந்தவர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். "அடையாள நெருக்கடி" என்ற சொல்லைப் பிரபலமாக்க இவரைவிடத் தகுதியான ஆள் யார்?) இந்த வரிசை ஆண்களின் வாழ்க்கையைப் பார்த்துப் போட்டது, பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது என்று கரோல் கில்லிகன் என்ற உளவியலாளர் 1982-ல் மறுத்தார். எனக்குக் கில்லிகன் சொல்வதே சரியாகப் படுகிறது. நம் ஊரில் பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண்களுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. படிப்பு முடித்து, வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் வீட்டுக்கு மிக்ஸி வாங்கி, கல்யாணப் பேச்சு ஆரம்பிக்க நடுவில் எத்தனை மாதம் இருக்கிறது?

ஜேம்ஸ் மார்சியா என்ற இன்னொரு உளவியலாளர் 1966-ல் இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். கல்லூரி மாணவர்களிடம் வேலை, மதம், அரசியல் பற்றி இரண்டே விஷயங்களைத் துருவினார். இந்த முடிவுக்கு வருமுன் தேடிப் பார்த்தாயா? முடிவில் உறுதியாக இருக்கிறாயா? தேடவே தேடாமல் உறுதியாக மட்டும் இருக்கிற ஒரு கூட்டம் கிடைத்தது. அப்பா டாக்டர், நானும் டாக்டர், அவ்வளவுதான். இந்த நிலைக்கு மார்சியா வைத்த பெயர் வங்கியில் கடன் வாங்கியவர்களுக்குத் தெரிந்த சொல்தான்: ஃபோர்குளோஷர். தவணைக் காலம் முடியுமுன்னே கணக்கை மூடிவிடுவது. இவர்கள் பார்வைக்குக் குழப்பமே இல்லாதவர்களாக, நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். கணக்கு மூடியிருக்கிறது என்பது வாழ்க்கையில் ஏதாவது ஒரு மேசையில், ஒரு மெனு கார்டுக்கு முன்னால் தெரியவரும்.

என் கணிப்பு இதுதான். நீங்கள் எதையும் தொலைக்கவில்லை. உங்கள் வீடு வைத்திருந்த சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அப்பா இருந்த இடத்தில் அவர். காதல் என்பதால் இது புரட்சி மாதிரித் தெரிந்தது. சாதி தாண்டியதால் நிஜமாகவே ஒரு பங்கு புரட்சிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "என்ன சாப்பிடட்டும்?" என்ற கேள்வியைக் கேட்கும் திசைதான் மாறியிருக்கிறது.

இதில் எனக்கு நம்பிக்கை தருகிற ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. கம்பெனி அனுப்பி அவர் ஆன்சைட்டில், உங்களைவிட்டுத் தூரத்தில், இருந்த 14 மாதம். முடியை வெட்டிக்கொண்டது அப்போது. பறை கற்கப் போனது அப்போது. அந்த இரண்டு நண்பர்களோடு ரயிலேறி யாரிடமும் சொல்லாமல் தரங்கம்பாடி போய்வந்தது அப்போது. அப்பா வைத்த சாவியும் இல்லை, அவர் வைத்த சாவியும் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு பெண் தேட ஆரம்பித்திருக்கிறாள். பட்டியலில் நீங்கள் விட்டதாக எழுதிய ஏழில் இந்த மூன்றும் இருக்கின்றன. அவர் வாய் திறந்து கேட்ட மூன்றில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதாக நீங்கள் எழுதிய வாக்கியங்களில் "அம்மா" எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்குப் பிடிக்கும், அம்மா பார்த்துட்டாங்க, எங்க வீட்டுல. அவருக்கு என்ன பிடிக்கும் என்பது நாலு பக்கக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அவருடைய கணக்கும் மூடியதாக இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் மல்லுக்கட்டுவது அவரோடு இல்லை. பூட்டிய கணக்கு இரண்டு ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, அட்ஜஸ்ட்மென்ட். இந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்குவதுதான் நம்மவர்களின் பெரிய தப்பு. எனக்கு 24 வயதில் கல்யாணம். எங்கள் மாமியார் வீட்டில் காலையில் காப்பிதான். பதினோரு வருஷம் கழித்து, ஒரு ரயில் பயணத்தில், எனக்குக் காப்பி பிடிக்காது என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து டீ. அந்தப் பதினோரு வருஷமும் என் சுயம் எங்கேயும் போய்விடவில்லை. அது ருசி. ருசியை விட்டுக்கொடுப்பதில் உறவுகள் ஓடுகின்றன, ஓடட்டும்.

மீன் அப்படியில்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ "நாங்க நான்வெஜ் சாப்பிட மாட்டோம்" என்பது ருசியைப் பற்றிய வாக்கியம் மட்டும் என்று நம்புகிறவர் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நம் ஊரில் சோற்றுத் தட்டில் சாதி உட்கார்ந்திருக்கிறது. அவர் வீட்டில் மீன் சமைக்க வேண்டாம் என்றால் அது அவர்கள் அடுப்பு, மரியாதை. தூத்துக்குடியில் உங்கள் அம்மா கையால் சாப்பிடுவதையும் சென்னையில் உங்கள் சம்பளத்தில் சாப்பிடுவதையும் சேர்த்து விடு என்றால், அங்கே சொல்லப்படுவது வேறு: நீ வளர்ந்த விதம் கழுவிவிட வேண்டிய ஒன்று. போன தடவை ஊருக்குப் போனபோது நடந்ததை எழுதியிருக்கிறீர்கள். அம்மா சீலா வறுத்துத் தட்டில் போட வந்தார், நீங்கள் "வேண்டாம்மா" என்றீர்கள், அவர் ஒன்றும் கேட்காமல் கரண்டியைத் திருப்பி உங்கள் தம்பி தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தத் துண்டு உங்களுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. காப்பி அப்படித் தொண்டையில் நிற்காது.

பறையும் அதே கதை. "ஹாபி" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம். சாவுக்கு மட்டும்தான் என்று ஊர் ஒதுக்கி வைத்த ஒரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரையில் நிற்கிறவருக்கு அது வெறும் பொழுதுபோக்காக இருக்காது. அது எது சரி, எது தப்பு என்று நீங்கள் நினைப்பதோடு சம்பந்தப்பட்டது. அங்கே இருப்பது விழுமியம். ருசியில் வளையலாம். இங்கே வளைந்தால் முதுகு வலிக்கும், உங்களுக்கு வலித்திருக்கிறது.

"இந்தச் சுயம், சுதந்திரம் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்குக் குடும்பம்தான்" என்று உங்களுக்குள்ளேயே ஒரு குரல் சொல்லும். என்னிடம் வருகிற பெற்றோர் தவறாமல் சொல்வது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற உளவியலாளர்கள் இருவரும் மனிதருக்கு அடிப்படைத் தேவைகள் மூன்று என்றார்கள்: நம்மால் முடியும் என்ற உணர்வு, நம்மவர் என்று சிலர், செய்வதைத் தன் இசைவோடு செய்வது. மூன்றாவதை எல்லோரும் தனியாக இருப்பது என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இது நம் ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குப் பக்கத்தில் வருகிற ஓர் ஆய்வு 2003-ல் வந்தது. தென்கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா ஆகிய நாலு நாட்டு மாணவர்களிடம் கேட்டார்கள். ஒருவர் குடும்பத்துக்காக வாழ்கிறாரா தனக்காக வாழ்கிறாரா என்பதைத் தாண்டி, அந்த வழியைத் தன் இசைவோடு ஏற்றிருந்தாரா என்பதுதான் நாலு நாட்டிலும் மன நலத்தோடு சேர்ந்து வந்தது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: மனசார. மனசார விட்டுக்கொடுத்தவர்கள் யாரும் அதைப் பட்டியல் போட்டு ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு எழுதுவதில்லை.

ஒரு தாளில் வட்டம் வரைந்து பார்க்கிறீர்களா? உளவியலாளர் ஆர்தர் ஆரன் 1992-ல் கொண்டுவந்த முறை. "நான்" ஒரு வட்டம், "அவர்" ஒரு வட்டம். தொட்டும் தொடாமல் இருப்பதிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்றாகப் படிவது வரை ஏழு படங்கள். உங்கள் உறவு எந்தப் படம் என்று குறியுங்கள். பிறகு எந்தப் படமாக இருந்தால் மூச்சு விட வசதி என்று இன்னொரு நாள் தனியாகக் குறியுங்கள். அவரையும் குறிக்கச் சொல்லுங்கள், உங்களுடையதைக் காட்டாமல். இதே இரண்டு கேள்வியை வைத்து என் அறையில் ஒரு ஜோடி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை.

இனி, நீங்கள் நேராகச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிற பயம். எட்டு மாதம் சண்டை போட்டு வாங்கிய கல்யாணம். இப்போது போய் "எனக்கு யோசனையா இருக்கு" என்று எப்படிச் சொல்வது?

பார்த்து வைத்த கல்யாணத்தில் ஒரு வசதி உண்டு. மாப்பிள்ளை சரியில்லை என்றால் கை நீட்ட ஆள் இருக்கிறது. "நீங்கதானே பார்த்தீங்க" என்று அப்பாவைக் கேட்கலாம், தரகரைத் திட்டலாம், அத்தை மேல் பழி போடலாம். குடும்பமே பஞ்சாயத்துக்கு வரும். காதலித்துக் கட்டிக்கொள்கிறவருக்குப் புகார் சொல்லும் உரிமையே போய்விடுகிறது. ஒரு சின்ன முணுமுணுப்பு வந்தாலும் "அப்பவே சொன்னோம்ல" தயாராகக் காத்திருக்கிறது. அதனாலேயே, குறிப்பாகச் சாதி தாண்டியவர்கள், எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஊருக்கு முன்னால் தோற்கக் கூடாது, நம் சண்டை வீண் என்று ஆகிவிடக் கூடாது. இந்த வீம்பில் வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்த பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், பையன்களும். உங்கள் எட்டு மாதச் சண்டை எதற்காக? விருப்பமானவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக. வயது வந்த இருவர் தன் துணையைத் தானே தேர்ந்தெடுப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தருகிற உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையில் "இப்போது வேண்டாம், நாலு மாதம் தள்ளிப் போடலாம்" என்று சொல்வதும் சேர்த்தி. தை போனால் வைகாசி இருக்கிறது. மண்டபத்து முன்பணம் கொஞ்சம் போகும், போகட்டும்.

வழியில் ஒரு தகவல், உங்கள் தோழிகளுக்கும் உதவும். நீங்கள் இருவரும் இந்துக்கள் என்பதால், சாதி வேறாக இருப்பதற்காகச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் போட்டுக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அண்ணாதுரை ஆட்சியில் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும்.

சரி, என்ன செய்வது. பிரேக்-அப்பா என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள், உங்களையும் கேட்டுக்கொள்ளாதீர்கள். சாவியை யார் கையில் கொடுத்தாலும் அதே கதைதான். இவரை விட்டுவிட்டு வந்தால், "எனக்கு இனிமே என்ன செய்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று அடுத்து என்னிடம் வருவீர்கள். பாதி வந்தும்விட்டீர்கள்.

பறைக்குத் திரும்பப் போங்கள். இந்த ஞாயிறே. ஏழில் இதை எடுப்பதற்குக் காரணம், இதை அவர் கேட்கவே இல்லை. அதனால் இது அவரை எதிர்ப்பதும் ஆகாது. மெசேஜில் அறிவிக்க வேண்டாம். நேரில் அல்லது குரலில் சொல்லுங்கள், சனிக்கிழமையே. "நாளைக்குக் காலையில பறை கிளாஸுக்குப் போறேன். அன்னைக்கு நீ ரெண்டு நாள் பேசாம இருந்ததால விட்டேன். நீ எதுக்குப் பேசாம இருந்தேன்னு நான் கேட்கவே இல்லை. இப்பக் கேட்கிறேன்." இவ்வளவுதான். போகலாமா என்று கேட்டுவிடாதீர்கள், பழக்க தோஷத்தில் வாய் அங்கேதான் போகும்.

பிறகு பாருங்கள். அவர் முதலில் முகம் சுளிக்கலாம். "அம்மா என்ன சொல்வாங்களோ" என்று இழுக்கலாம். இரண்டு நாள் கழித்து வந்து "எனக்கே அதுல ஒண்ணும் இல்லை, அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை" என்று உளறலாம். இதெல்லாம் நல்ல அறிகுறி. மனிதர் தன் கணக்கைத் திறந்து பார்க்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளோடு மீனைப் பற்றியும் கோயம்புத்தூரைப் பற்றியும் பேசலாம், நாள் பிடிக்கும், ஆனால் பேசலாம். முடியாது என்று நீங்கள் சொன்ன பிறகும் உறவு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கே காரியம். 1999-ல் உளவியலாளர்கள் சிலர் சிற்பி மைக்கலாஞ்சலோ பெயரை வைத்து ஒன்று சொன்னார்கள். நெருக்கமானவர் நம்மைச் செதுக்குகிறார், நாம் ஆக விரும்பிய உருவத்தை நோக்கிச் செதுக்கினால் உறவும் ஆளும் செழிக்கிறார்கள். உளி எந்த உருவத்தைப் பார்த்து இறங்குகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

அதற்கு மாறாக, ஒரு பறை வகுப்புக்காகக் கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டினால், போன் பாஸ்வேர்டு கேட்டால், பழைய போட்டோக்களைக் காட்டிப் பேசினால், கை ஓங்கினால், மேலே நான் எழுதியது எதுவும் செல்லாது. அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். சாகப்போகிறேன் என்று சொல்கிறவரை நீங்கள் ஒருவராகக் காப்பாற்ற வேண்டியதில்லை, அவர் வீட்டுக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசுவார்கள், காசில்லை.

வேலையை மட்டும் விடாதீர்கள். வைகாசி வரைக்குமாவது பேப்பர் போடும் பேச்சே வேண்டாம். இதில் நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை. கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, கையில் ஆர்டர் வந்த பிறகு மாறுவது வேறு. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போவது வேறு. தன் சம்பளம் கையில் இருக்கும்போது சொல்லும் "சரி"தான் மனசாரச் சொன்னதா என்று உங்களுக்கே தெரியும்.

லொக்கேஷனைப் பற்றிச் சண்டை வேண்டாம், அவரையும் போடச் சொல்லுங்கள். பத்து நாளில் இரண்டு பேருக்கும் அலுத்துவிடும்.

அடுத்த மாதம் ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் முன்னாலேயே அம்மாவுக்குப் போன் போட்டு மீன் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டுப் பார்த்து, பழக்கம் விட்டுப்போய் நிஜமாகவே பிடிக்காமல் போயிருந்தால் அதையும் எனக்கு எழுதுங்கள், அதுவும் ஒரு தகவல்தான். சீலாவா, நெத்திலியா என்று அம்மா கேட்பார். அதற்கு யாருக்கும் மெசேஜ் போடாமல் பதில் சொல்லுங்கள்.